கண்ணுக்கு எத்தனை எஃப்.பி.எஸ்.? ரெஃப்ரெஷ் ரேட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது மானிட்டரோ போனோ வாங்கப் போனால் 60, 90, 120, 144, 240 என்று எண்கள் வரிசைகட்டி நிற்கும். திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதைச் சொல்லும் எண்கள் அவை; அதுதான் ரெஃப்ரெஷ் ரேட், அதன் அலகு ஹெர்ட்ஸ். விநாடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது தனிப்படம், வருகிறது என்பது எஃப்.பி.எஸ். "60-க்கு மேல் மனிதக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, காசைக் கரியாக்காதே" என்று ஒருவர் சொல்வார். "240-ல் ஒரு தடவை விளையாடிப் பார், பழையதைத் தொடவே மாட்டாய்" என்று இன்னொருவர் சொல்வார். முதலாமவர் சொல்வது தவறு. இரண்டாமவர் சொல்வது ஆளையும் வேலையையும் பொறுத்தது. இந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்லியிருக்கிறேன்.

மனிதக் கண் விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் பார்க்கும்?

அப்படி ஓர் எண் கிடையாது. கேமரா ஷட்டரைத் திறந்து மூடி, ஒவ்வொரு படமாக எடுக்கிறது. விழித்திரையில் ஷட்டர் எதுவும் இல்லை. அங்குள்ள கூம்பு செல்களும் குச்சி செல்களும் தங்கள் மேல் விழும் ஒளிக்கு ஏற்ப இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன. எல்லாச் செல்களும் ஒரே கணத்தில் மாற வேண்டும் என்பதும் இல்லை.

எனவே கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும். தனித்தனிப் படங்கள் எந்த வேகத்தில் அசைவாகத் தெரியத் தொடங்கும்? ஏறத்தாழ பத்து, பன்னிரண்டு படங்களிலேயே தொடங்கிவிடும். விட்டுவிட்டு எரியும் ஒளி எப்போது நிலையான ஒளியாகத் தெரியும்? பெரும்பாலும் 50 முதல் 90 ஹெர்ட்ஸுக்குள். ஓடும் பொருள் எப்போது மங்காமல் தெளிவாகத் தெரியும்? வேகமாக நகரும் பொருள் தாவித்தாவிப் போவது எப்போது மறையும்? இந்த இரண்டுக்கும் விடை பல நூறுகளில் இருக்கிறது. பொருளின் வேகம் கூடினால் ஆயிரத்தையும் தொடும். "60 போதும்", "60 போதாது" என்ற சண்டை பெரும்பாலும் ஒரு கேள்வியின் விடையை இன்னொரு கேள்விக்குப் பொருத்துவதால் வருவது.

24 ஃப்ரேமில் சினிமா நன்றாகத்தானே ஓடுகிறது?

ஓடுகிறது, ஆனால் அதற்குப் பின்னால் நிறைய ஏற்பாடு இருக்கிறது. பேசும்படம் வந்தபோது ஒலித்தடம் ஒரே சீரான வேகத்தில் ஓடியாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. 1920களின் இறுதியில் 24 என்பது நிலைத்தது. ஃபிலிமும் அதிகம் செலவாகக் கூடாது, ஒலியும் சகிக்கும்படி இருக்க வேண்டும் என்ற கணக்கில் வந்த எண் அது. கண்ணின் எல்லையை அளந்து யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

திரையரங்கில் ஃபிலிம் புரொஜெக்டர் ஓடிய காலத்தில் விநாடிக்கு 24 படம்தான் நகர்ந்தது. ஆனால் ஷட்டரில் இரண்டு அல்லது மூன்று இதழ்கள் இருக்கும். ஒரே படத்தை இரண்டு அல்லது மூன்று முறை மறைத்து மறைத்துக் காட்டும். அதாவது திரை சிமிட்டியது 48 அல்லது 72 முறை. வெறும் 24 முறை சிமிட்டியிருந்தால் ஒரு முழுப் படத்தை யாரும் உட்கார்ந்து பார்த்திருக்க முடியாது.

அடுத்தது ஒளிப்பதிவாளரின் கைவேலை. வழக்கமாக ஒவ்வொரு ஃப்ரேமும் 1/48 விநாடி ஒளிபடும். அந்த நேரத்தில் நகரும் பொருள் படத்திலேயே கொஞ்சம் இழுபட்டு மங்கிப் பதியும். அந்த மங்கல்தான் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தாவலைத் தெரியாமல் மூடுகிறது. கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது ஒரு பொருள் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஏழு விநாடியாவது ஆக வேண்டும் என்று ஒளிப்பதிவாளர்களிடையே ஒரு கைக்கணக்கும் உண்டு. அதைவிட வேகமாகத் திருப்பினால் பின்னணியில் உள்ள கம்பங்களும் தூண்களும் வெட்டி வெட்டி நகரும்.

கேமில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு ஃப்ரேமும் கூர்மையாக வரையப்படுகிறது, திரும்பும் வேகத்தை விளையாடுபவர் தீர்மானிக்கிறார். சினிமாவில் 24 உறுத்தாத அதே ஆளுக்கு கேமில் 30 உறுத்துவது இதனால்தான்.

டிவியில் வந்த படங்களும் 24 தானா?

நம் பக்கம் இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் பி.ஏ.எல். என்ற டிவி ஒளிபரப்பு முறை இருந்ததால் டிவிக்கு விநாடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 50 அரை ஃப்ரேம். 24-ல் எடுத்த படத்தை 25-ல் ஓட்டிவிடுவதுதான் பி.ஏ.எல். நாடுகளின் வழக்கம். வேகம் ஏறத்தாழ 4 சதவீதம் கூடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும், பாட்டின் சுருதியும் ஒரு துளி ஏறும். அமெரிக்காவில் டிவி 60-ஐ ஒட்டி ஓடியதால் ஒரு ஃப்ரேமை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 24 ஃப்ரேம் படம் பார்த்தால் இன்றும் இதுதான் நடக்கிறது. 120 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக ஐந்து முறை வரும். படம் மட்டுமே பார்ப்பவருக்கும் 120 உதவும் ஓர் இடம் இது.

விழித்திரையில் பிம்பம் 1/16 விநாடி தங்கும் என்று பள்ளியில் படித்தோமே?

தங்குகிறது, அதில் தவறில்லை. ஆனால் அசைவு தெரிவதற்கு அது காரணம் இல்லை. பிம்பம் தங்குவது மட்டும்தான் நடக்கிறது என்றால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பித்தான் தெரிய வேண்டும். அசைவு என்பது மூளை கட்டுவது. 1912-ல் ஜெர்மனியில் மேக்ஸ் வெர்ட்ஹைமர் இதைச் சோதித்துக் காட்டினார். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு கோடுகளைச் சரியான இடைவெளியில் மாற்றி மாற்றிக் காட்டினால், பார்ப்பவருக்கு ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதாகத் தெரியும். உண்மையில் எதுவும் நகரவில்லை.

1/16 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு "16-க்கு மேல் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது" என்று சொல்வதுதான் சிக்கல். அசைவு தொடங்கும் இடம் அது, வித்தியாசம் தெரிவது முடியும் இடம் இல்லை.

சிமிட்டல் எந்த வேகத்தில் மறையும்?

வெளிச்சத்தைப் பொறுத்தது. ஒளி கூடக் கூட, சிமிட்டல் மறைவதற்குத் தேவையான வேகமும் கூடும். இதற்கு ஃபெர்ரி–போர்ட்டர் விதி என்று பெயர். திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு நிட். திரையரங்கின் திரை ஏறத்தாழ 48 நிட் வெளிச்சம்தான். வீட்டு மானிட்டரை 250, 300 நிட்டில் வைத்திருப்போம். இருட்டரங்கில் 48 சிமிட்டலை மன்னித்த கண், மேஜையில் இருக்கும் வெள்ளைத் திரையில் 60-ஐக்கூட மன்னிக்காது. சிமிட்டும் பரப்பு பெரிதானாலும் இதே கதைதான்.

கண்ணின் எந்தப் பகுதியில் விழுகிறது என்பதும் முக்கியம். நேர்ப்பார்வையைவிட ஓரப்பார்வைதான் சிமிட்டலைச் சட்டென்று பிடிக்கும். பழைய பெட்டி மானிட்டர், அதான் சி.ஆர்.டி., பயன்படுத்தியவர்களுக்கு இது நினைவிருக்கும். 60 ஹெர்ட்ஸில் வைத்து நேராகப் பார்த்தால் ஓரளவு சரியாக இருக்கும். பக்கத்துச் சுவரைப் பார்த்தால் கண்ணோரத்தில் திரை துடிக்கும். 85 ஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் அந்தத் துடிப்பு பெரும்பாலானவர்களுக்கு நின்றுவிடும். அலுவலகங்களில் 85 வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

எல்.சி.டி. வந்ததும் இந்தப் பிரச்சினை தீர்ந்தது. அது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அணைந்து எரிவதில்லை, படம் மாறும் வரை ஒளி அப்படியே நிற்கும். "60 போதும்" என்ற நம்பிக்கை வேரூன்றியதும் அப்போதுதான் என்று நினைக்கிறேன். சிமிட்டல் போய்விட்டது, எனவே கண்ணின் எல்லையைத் தொட்டுவிட்டோம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஃபேன் பின்னால் சுற்றுவது போலத் தெரிகிறதே, அதுவும் இதுதானா?

ஆமாம், இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள வீட்டிலேயே இருக்கும் நல்ல சோதனை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இரண்டு முறை உச்சம் தொடுவதால், பழைய சோக் போட்ட ட்யூப்லைட் விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். விளக்கைப் பார்த்தால் சிமிட்டுவது தெரியாது, ஏனென்றால் 100 என்பது எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால் ஃபேனைப் பாருங்கள். மூன்று இறக்கை ஃபேன் நிமிடத்துக்கு 333 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பளிச்சுக்கும் அடுத்த பளிச்சுக்கும் இடையில் இறக்கை 20 டிகிரி நகரும். ஆறு பளிச்சில் 120 டிகிரி நகர்ந்து, அடுத்த இறக்கை இருந்த இடத்துக்கே வந்துவிடும். அப்போது மங்கலாகப் பதினெட்டு இறக்கைகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். வேகம் கொஞ்சம் குறைந்தால் அந்தப் பதினெட்டும் மெல்லப் பின்னோக்கி நகரும்.

100 ஹெர்ட்ஸ் ஒளியின் சிமிட்டலை நேராகப் பார்க்க முடியாத அதே கண், நகரும் பொருள் ஒன்று குறுக்கே வந்ததும் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எலக்ட்ரானிக் சோக் வந்த பிறகு விளக்குகள் பல ஆயிரம் ஹெர்ட்ஸில் எரிகின்றன, அங்கே இது தெரியாது. மலிவான எல்.இ.டி. பல்புகள் சிலவற்றில் மறுபடியும் 100 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது.

போர் விமானிகள் 1/220 விநாடி தெரிந்த படத்தை அடையாளம் கண்டார்கள் என்கிறார்களே?

இந்தக் கதை வெகுநாளாகச் சுற்றுகிறது. உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் அது ஃப்ரேம் ரேட் பற்றி எதையும் நிரூபிக்காது. இருட்டில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் வந்தால், அது எவ்வளவு குறுகிய நேரம் என்றாலும் போதிய ஒளி இருந்தால் கண்ணுக்குத் தெரியும். கேமரா ஃபிளாஷ் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியோ அதற்கும் குறைவாகவோதான் எரிகிறது. அதை யாரும் தவறவிடுவதில்லை. மிகக் குறுகிய நேரத்துக்குள் வரும் ஒளியைக் கண் மொத்தமாகக் கூட்டித்தான் கணக்கு வைக்கிறது. பாதி நேரம், இரண்டு மடங்கு பிரகாசம் என்றால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

2014-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மேரி பாட்டரும் குழுவினரும் நடத்திய ஆய்வையும் இப்படித்தான் இழுப்பார்கள். வரிசையாக ஓடும் படங்களில் ஒவ்வொன்றும் 13 மில்லிவிநாடியே தெரிந்தாலும், கேட்ட காட்சி அதில் இருந்ததா என்று ஓரளவு சொல்ல முடிந்தது. அதை வைத்து "கண்ணின் எல்லை 75 எஃப்.பி.எஸ்." என்று எழுதிவிட்டார்கள். 13 மில்லிவிநாடி என்பது 75 ஹெர்ட்ஸ் திரையின் ஒரு ஃப்ரேம். அதைவிடக் குறைவாக அந்தத் திரையால் காட்ட முடியாது. மேலும் அந்த ஆய்வு கேட்டது படத்தின் பொருளை மூளை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது என்பதை. அசைவு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்பது வேறு கேள்வி.

500 ஹெர்ட்ஸிலும் வித்தியாசம் தெரியும் என்பது உண்மையா?

உண்மை, ஆனால் எந்தச் சூழலில் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2015-ல் ஜேம்ஸ் டேவிஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள். ஒரு ஃப்ரேமில் திரையின் ஒரு பாதி கறுப்பு, மறுபாதி வெள்ளை. அடுத்த ஃப்ரேமில் அப்படியே தலைகீழ். வேகமாக மாற்றினால் திரை முழுக்க ஒரே சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டும். ஆனால் இரண்டு பாதிகளும் சந்திக்கும் கூர்மையான விளிம்பு இருந்தபோது, பார்த்தவர்கள் 500 ஹெர்ட்ஸைத் தாண்டியும் ஏதோ சிமிட்டுவதைக் கண்டார்கள்.

காரணம், கண் சும்மா இருப்பதில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பார்வை தாவும்போது அது விநாடிக்குப் பல நூறு டிகிரி வேகத்தில் சுழல்கிறது. அந்தத் தாவலின்போது அடுத்தடுத்த ஃப்ரேம்கள் விழித்திரையில் ஒரே இடத்தில் விழாமல், பக்கத்தில் பக்கத்தில் கோடுகளாக விழுகின்றன. நேரத்தில் நடந்த மாற்றம் இடத்தில் விரிந்துவிடுகிறது. இரவில் சில கார்களின் எல்.இ.டி. பின்விளக்கு மீது பார்வையை ஓட்டினால் சிவப்புப் புள்ளிகள் வரிசையாகச் சிதறுவதும் இதே காரணத்தால்தான்.

எல்.சி.டி. சிமிட்டுவதே இல்லை என்றால் 60-க்கும் 144-க்கும் என்ன வித்தியாசம்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இந்த விடையைப் படியுங்கள்.

செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்து வரியை எடுத்துக்கொள்வோம். 1920 பிக்சல் அகலத் திரையை ஓர் எழுத்து இரண்டு விநாடியில் கடக்கிறது என்றால் அதன் வேகம் விநாடிக்கு 960 பிக்சல். அதைப் படிக்க உங்கள் கண் அதே வேகத்தில், நிற்காமல், வழுக்கிக்கொண்டு கூடவே ஓடுகிறது. ஆனால் திரையில் உள்ள எழுத்து அப்படி ஓடுவதில்லை. 60 ஹெர்ட்ஸில் அது ஓரிடத்தில் 16.7 மில்லிவிநாடி அசையாமல் நிற்கும், அப்புறம் 16 பிக்சல் தாவி மறுபடி நிற்கும். எழுத்து நிற்கும் அந்த நேரத்திலும் கண் நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஆகவே அந்த எழுத்து விழித்திரையின் மேல் 16 பிக்சல் நீளத்துக்கு இழுபடுகிறது. சின்ன எழுத்தாக இருந்தால் அது கிட்டத்தட்ட அந்த எழுத்தின் அகலம். மேலே உள்ள புள்ளி தெரியாது, கொம்பும் காலும் பக்கத்து எழுத்தோடு கலந்துவிடும்.

திரையில் மங்கல் இல்லை. அந்தக் கணத்தில் ஒரு போட்டோ எடுத்தால் எழுத்து கூர்மையாகத்தான் இருக்கும். மங்கல் உருவாவது கண்ணுக்குள்.

அதே எழுத்து 120 ஹெர்ட்ஸில் 8 பிக்சல் இழுபடும், 240-ல் 4 பிக்சல். ஒரே பிக்சலாகக் குறைய வேண்டுமென்றால் ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸ் வேண்டும். ஆயிரம் ஹெர்ட்ஸ் திரைகளைப் பற்றி நிபுணர்கள் ஏன் பேசுகிறார்கள் என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

பழைய சி.ஆர்.டி.யில் இந்த மங்கல் இல்லை. அதன் திரையில் ஒளிரும் பூச்சான பாஸ்பரின் புள்ளி ஒரு கணம் பளிச்சிட்டு உடனே மங்கிவிடும், கண் நகர்ந்தாலும் இழுபட நேரம் இல்லை. சிமிட்டலைப் பொறுத்துக்கொண்டு தெளிவை வாங்கினோம் அன்று. எல்.சி.டி.யில் தெளிவைக் கொடுத்துச் சிமிட்டலைத் தீர்த்தோம். வேகமாக ஓடும் விளையாட்டுகளுக்குச் சி.ஆர்.டி.தான் சரி என்று பழைய ஆட்கள் பிடிவாதமாகச் சொன்னதில் நியாயம் இருந்தது.

ரெஸ்பான்ஸ் டைம் 1 மில்லிவிநாடி என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, அப்புறம் ஏன் மங்குகிறது?

அது பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாற எடுக்கும் நேரம். மாறிய பிறகு எவ்வளவு நேரம் அப்படியே நிற்கிறது என்பது வேறு. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓலெட் வகைத் திரையில் பிக்சல் கண்மூடித் திறப்பதற்குள் மாறிவிடும். ஆனால் 60 ஹெர்ட்ஸ் ஓலெட் திரையில் ஓடும் எழுத்து 60 ஹெர்ட்ஸுக்கு உரிய மங்கலோடுதான் தெரியும். பெட்டியில் போடும் எண் மிகச் சாதகமான நிலையில் அளந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். எல்.சி.டி.யில் வி.ஏ. என்ற ஒரு வகைப் பேனல்களில் கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறுவது மிகவும் மெதுவாக நடக்கும், இருட்டுக் காட்சிகளில் பொருளுக்குப் பின்னால் கரிய வால் இழுபடும்.

ரெஃப்ரெஷ் ரேட்டைக் கூட்டாமல் இந்த மங்கலைக் குறைக்க முடியாதா?

முடியும். ஒவ்வொரு ஃப்ரேமையும் கொஞ்ச நேரம் மட்டும் காட்டிவிட்டு, மீதி நேரம் திரையை இருட்டாக வைக்கலாம். சி.ஆர்.டி. செய்ததையே வேண்டுமென்றே செய்வது. பல கேமிங் மானிட்டர்களில் இதற்கு ஓர் அமைப்பு இருக்கும். ஆனால் வெளிச்சம் குறையும், சிமிட்டலும் திரும்பி வரும். எஃப்.பி.எஸ். ரெஃப்ரெஷ் ரேட்டோடு சரியாகப் பொருந்தாவிட்டால் பொருளின் விளிம்பு இரட்டையாகத் தெரியும்.

தலையில் மாட்டிக்கொண்டு பார்க்கும் வி.ஆர். (மெய்நிகர்) கண்ணாடியில் இது தவிர்க்க முடியாதது. தலையை விநாடிக்கு 100 டிகிரி திருப்புவது சாதாரணம். 90 ஹெர்ட்ஸில் ஃப்ரேமுக்கு 1.1 டிகிரி, முழுநிலவின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. ஃப்ரேம் முழுக்கத் திரை எரிந்தால், தலையைத் திருப்பியபடி ஒரு பொருளை உற்றுப் பார்க்கும்போது அது அவ்வளவு அகலத்துக்கு இழுபடும், தலை சுற்றும். அதனால் அந்தத் திரைகள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஓரிரு மில்லிவிநாடி மட்டும் எரிந்து அணைகின்றன.

எஃப்.பி.எஸ்., ஹெர்ட்ஸ் இரண்டும் ஒன்றா?

இல்லை. கிராபிக்ஸ் கார்டு விநாடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பது எஃப்.பி.எஸ். மானிட்டர் விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது ஹெர்ட்ஸ். கார்டு 40 வரைந்தால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் 40 படம்தான் காட்டும். மானிட்டர் பாதிப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போது கார்டு புதுப் படத்தைத் தள்ளினால் மேல்பாதி பழையது, கீழ்ப்பாதி புதியது என்று படம் குறுக்கே கிழிந்து தெரியும். மானிட்டர் புதுப்பிக்கும் கணம் வரை புதுப் படத்தைக் காக்க வைக்கும் வி-சிங்க் அமைப்பைப் போட்டால் கிழியாது, ஆனால் தாமதம் கூடும். 2013-ல் ஜி-சிங்க், அதைத் தொடர்ந்து ஃப்ரீ-சிங்க் வந்த பிறகு மானிட்டரே கார்டுக்காகக் காத்திருந்து புதுப்பிக்கிறது. என்னைக் கேட்டால், நடுத்தர கார்டு வைத்திருப்பவருக்கு 144-லிருந்து 240-க்குப் போவதைவிட இந்த வசதி இருக்கும் மானிட்டர் பல மடங்கு பயன்.

எஃப்.பி.எஸ். மீட்டரில் 90 காட்டுகிறது, ஆனாலும் திக்கித் திக்கி ஓடுகிறதே?

அந்த 90 சராசரி. 90 ஃப்ரேமும் 11 மில்லிவிநாடிக்கு ஒன்றாக வந்தால் வழவழவென்று இருக்கும். எண்பது ஃப்ரேம் சீக்கிரம் வந்து, ஒன்று மட்டும் 100 மில்லிவிநாடி இழுத்தாலும் சராசரி கிட்டத்தட்ட அதேதான், ஆனால் கண் அந்த ஒன்றைத்தான் பிடிக்கும். சீராக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று அடுத்து எங்கே இருக்கும் என்று மூளை முன்கூட்டியே கணித்துக்கொண்டிருக்கிறது, கணிப்பு தவறியதும் உறுத்துகிறது. சராசரியைப் பார்க்காமல், மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் கணக்கைப் பாருங்கள். ஏறி இறங்கும் 90-ஐவிடப் பூட்டி வைத்த 60 நன்றாக இருக்கும்.

திரையில் பார்த்ததும் நம் கை அசையவே 200 மில்லிவிநாடி ஆகிறது. வேகமான திரையால் 5 மில்லிவிநாடி குறைவதில் என்ன லாபம்?

கேமில் எதிரியின் கைக்கும் அதே 200 ஆகிறது. இருவரும் சமம் என்றால் முந்துவது அந்த 5 தான். ஆனால் சாதாரணப் பயனருக்கு இது பெரிய விஷயம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தாமதம் எல்லோருக்கும் தெரியும் இடம் வேறொன்று: விரலால் திரையில் எதையாவது இழுக்கும்போது. விரல் விநாடிக்கு 30 சென்டிமீட்டர் நகர்கிறது என்றால், 100 மில்லிவிநாடி தாமதத்தில் இழுக்கும் பொருள் விரலுக்கு 3 சென்டிமீட்டர் பின்னால் வரும். 10 மில்லிவிநாடியில் 3 மில்லிமீட்டர். 1 மில்லிவிநாடியில்தான் விரலோடு ஒட்டிக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவு 2012-ல் இதைச் செய்து காட்டியது. இங்கே கண் நேரத்தை அளக்கவில்லை, விரலுக்கும் படத்துக்கும் இடையிலான தூரத்தைப் பார்க்கிறது. 120 ஹெர்ட்ஸ் போனைக் கையில் எடுத்ததும் "என்னவோ நன்றாக இருக்கிறது" என்று காரணம் தெரியாமல் சொல்பவர்கள் இதைத்தான் உணர்கிறார்கள்.

120-க்கு மேல் போவதில் பலன் உண்டா?

ஹெர்ட்ஸைப் பார்க்காமல் ஒரு ஃப்ரேமின் நேரத்தைப் பாருங்கள். 30-லிருந்து 60-க்குப் போனால் 16.7 மில்லிவிநாடி மிச்சம். 60-லிருந்து 120-க்கு 8.3. 120-லிருந்து 240-க்கு 4.2. 144-லிருந்து 165-க்குப் போனால் 0.9 மட்டும், அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை. வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் இரண்டு மடங்காவது தாவ வேண்டும். போட்டியாக விளையாடுபவருக்கு 240-ம் அதற்கு மேலும் பயன்படும், கார்டு அவ்வளவு ஃப்ரேம் தருமென்றால். எழுத்து வேலை, படிப்பு, படம் என்று இருப்பவர் 120-லோ 144-லோ நின்றுவிட்டு மீதிப் பணத்தை நல்ல பேனலில் போடலாம்.

புது டிவியில் படம் பார்த்தால் சீரியல் மாதிரி இருக்கிறதே?

டிவி தானாகவே இடையில் ஃப்ரேம்களைக் கற்பனை செய்து நுழைக்கிறது. பிக்சர் அமைப்பில் 'மோஷன்' என்று தொடங்கும் பகுதிக்குப் போய் அணைத்துவிடுங்கள். 24-ன் லேசான தடுமாற்றத்தைச் 'சினிமா' என்றும், 50, 60-ன் வழவழப்பை 'டிவி' என்றும் நாம் பழகியிருக்கிறோம். 2012-ல் பீட்டர் ஜாக்சன் 'ஹாபிட்' படத்தை 48 ஃப்ரேமில் வெளியிட்டபோது பலர் முகம் சுளித்ததும் இந்தப் பழக்கத்தால்தான். கிரிக்கெட் ஒளிபரப்பு 50-ல் வரும்போது யாரும் குறை சொல்வதில்லை.

ஓலெட் போன் பார்த்தால் தலை வலிக்கிறது. ரெஃப்ரெஷ் ரேட் காரணமா?

ரெஃப்ரெஷ் ரேட்டைவிட, வெளிச்சத்தைக் குறைக்கும் முறையைச் சந்தேகியுங்கள். பல ஓலெட் போன்கள் வெளிச்சத்தைக் குறைக்கத் திரையை வேகமாக அணைத்து அணைத்துப் போடுகின்றன. பி.டபிள்யூ.எம். என்பது இதுதான். சில போன்களில் இது 240 ஹெர்ட்ஸ், சிலவற்றில் 480, புதியவை சிலவற்றில் ஆயிரங்களில். வெளிச்சம் குறையக் குறைய எரியும் நேரம் சுருங்கும், அதனால் இரவில் மங்கலாக வைத்துப் படிக்கும்போதுதான் தொல்லை அதிகம். எல்லோருக்கும் வலிக்காது, சிலருக்கு மிகவும் வலிக்கும். அவர்கள் சொல்வதைக் கற்பனை என்று தள்ளிவிடக் கூடாது.

இருட்டறையில் வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். பென்சில் ஒரே மங்கலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனியாகப் பல பென்சில்கள் தெரிந்தால் திரை விட்டுவிட்டு எரிகிறது. அப்படியானால் வெளிச்சத்தைக் கூட்டி வைத்து, அறை விளக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். அமைப்புகளில் சிமிட்டலைக் குறைக்கும் வசதி இருந்தால் போடுங்கள்.

வலிப்பு நோய் வேறு விஷயம். ஒளியால் தூண்டப்படும் வலிப்புக்கு அதிக ஆபத்தானது விநாடிக்கு 15 முதல் 25 வரையான பெரிய, பளிச்சென்ற சிமிட்டல். 1997 டிசம்பர் 16-ல் ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் விநாடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் மாறி மாறி மின்னியபோது, அறுநூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ் என்றாலும் அதில் வரும் காட்சி இப்படிச் சிமிட்டினால் ஆபத்துதான்.

எனக்கு வித்தியாசம் தெரிகிறது, அப்பாவுக்குத் தெரியவில்லை. ஆளுக்கு ஆள் மாறுமா?

மாறும். வயது ஏற ஏறச் சிமிட்டலைப் பிடிக்கும் திறன் குறைகிறது, களைப்பிலும் குறைகிறது. எதைப் பார்க்க வேண்டும் என்ற பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. தெரியாதவர் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை.

144 ஹெர்ட்ஸ் வாங்கியும் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லையே?

முதலில் அது 144-ல்தான் ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் பல நேரம் 60-லேயே விட்டுவிடும். டிஸ்பிளே அமைப்புக்குள் 'அட்வான்ஸ்டு டிஸ்பிளே' பகுதியில் எண்ணை நீங்களே மாற்ற வேண்டும். அங்கே 144 வரவே இல்லையென்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். பழைய எச்.டி.எம்.ஐ. கேபிளையோ போர்ட்டையோ விட்டுவிட்டு டிஸ்பிளே போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

அப்புறம் கறுப்புப் பின்னணியில் மவுஸ் அம்பை இடமிருந்து வலமாக வேகமாக ஆட்டுங்கள். அரை விநாடியில் திரையைக் கடந்தால் 60 ஹெர்ட்ஸில் அம்புகள் 64 பிக்சல் இடைவெளியில் தனித்தனியாக நிற்கும். 144-ல் அந்த இடைவெளி 27 பிக்சலாகச் சுருங்கி, அம்புகள் நெருக்கமாகத் தெரியும். அதே கையோடு ஒரு நீண்ட கட்டுரையைத் திறந்து, சீரான வேகத்தில் மேலே நகர்த்திக்கொண்டே வரிகளைப் படிக்க முயலுங்கள். 60-லும் 144-லும் மாற்றி மாற்றி வைத்து, எந்த வேகம் வரை படிக்க முடிகிறது என்று பாருங்கள்.